வாத்தியாரின் எடை

மேய்ச்சலுக்குக் கோழி பொறுக்கத் தராசு வேண்டாம். ஒரு நாற்காலி போதும். கோழிகளைத் திறந்துவிட்டு, தீவனம் எதுவும் போடாமல், சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓடிவந்து உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிற கோழி மேய்ச்சலுக்கு ஆகாது. உங்களுக்கு முதுகைக் காட்டிவிட்டுச் சருகைக் கிளறப் போகிறதே, அது ஆகும். தரையில் ஒரு நிழல் ஓடினால் அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பொழுது சாயும்போது தரையில் குவிந்து படுக்கிறதா, கிளை தேடி ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறுகிற கோழிதான் மறுநாள் காலையில் உயிரோடு இருக்கும்.

உடம்பு இலேசாக இருப்பது நல்லது. இதற்குக் காரணம் எளிமையானது. புழுவும் பூச்சியும் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதில்லை; நடந்து தேட வேண்டும். கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால், தேடித் தின்றது நடந்ததற்கே செலவாகிவிடும்.

இதை யார் கேட்டாலும் பொழுது போவது தெரியாமல் சொல்வேன். அதனால் வீட்டில் எனக்கு 'விளக்கம்' என்று பெயர். வைத்தவன் என் தங்கையின் கணவன். "விளக்கம் வருது, எல்லாரும் உட்கார்ந்துக்குங்க" என்பான், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே.

அவனுக்கு நான் வைத்த பெயர் தராசு. கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருக்கிறான். எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்ப்பான். என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, நர்ஸ் கொடுத்ததை வாங்கிக் கையில் இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டு எடையைச் சொன்னான். நர்ஸ் சீட்டைப் பார்த்து, சரிதான் என்றாள். அன்றிலிருந்து இந்த உலகத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று இருக்கிறான். நேரில் நான் அவனைத் 'தம்பி, நீங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதை வர மறுக்கிறது.

நான் கோழி வளர்ப்பது பஞ்சர் கடைக்குப் பின்னாலிருக்கும் காலி இடத்தில். பல வருடங்களாக ஒரே வேலை: குஞ்சுகள் வளர்ந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நன்றாக மேய்பவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது. அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வந்த மந்தைக்கு ஒரு சேவல் தலைவன். அவன் பெயர் வாத்தியார்.

பெயருக்குக் காரணம் உண்டு. நல்ல சேவல் புழுவைக் கண்டால் தானே தின்னாது. தொண்டைக்குள் கொக்கொக் என்று அவசரமாக ஒரு சத்தம் கொடுத்துப் பெட்டைகளைக் கூப்பிடும். குஞ்சுகளும் ஓடிவந்து, எது தின்னக்கூடியது என்று கற்றுக்கொள்ளும். பருந்து வந்தால் ஒரு குரல், நாய் வந்தால் வேறொரு குரல். பருந்துக் குரலுக்கு எல்லாம் புதரில் பதுங்கும். நாய்க் குரலுக்குக் கழுத்தை நீட்டி நின்று திசை பார்க்கும். வாத்தியார் குரல் மாற்றிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. உடம்பில் மட்டும் சதை கிடையாது. எலும்பும் இறகும் கோபமும்தான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் நான் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோழிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தராசு சொன்னான். தங்கையும், "அவர் பார்த்துக்குவார் அக்கா, நீ நிம்மதியா படு" என்றாள். படுத்தேன். ஒரு மத்தியானம் அவன் எவர்சில்வர் பிளாஸ்கில் சூப் கொண்டுவந்தான். மிளகு வாசனை வார்டு முழுக்க வந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்துக் குடித்து நாக்கு செத்திருந்த நேரம். இரண்டு டம்ளர் குடித்தேன். "நல்லா இருக்கு தம்பி" என்று வேறு சொன்னேன். அவன் சிரித்தான். பிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஞ்சர் கடையின் பின்பக்கம் போனால் இடம் காலி. நான்கைந்து கொழுத்த பெட்டைகள் மட்டும் தீவனத் தட்டைச் சுற்றிப் படுத்திருந்தன.

"இளைச்சதையெல்லாம் கழிச்சுட்டேன் அக்கா" என்றான் தராசு. "ஒவ்வொண்ணா எடை போட்டேன். நீங்க என்னத்தைப் பார்த்து வளர்த்தீங்கன்னு தெரியல. தீனிக்குக் கேடு."

அதாவது, நான் பல வருடமாகப் பொறுக்கி எடுத்ததை அவன் எடை போட்டு, நேர் தலைகீழாக ஒரே வாரத்தில் பொறுக்கிவிட்டான்.

"வாத்தியார் எங்கே?"

"அதை நீங்கதானே குடிச்சீங்க? நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்குப் பிறகு வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இதுதான் அவன் சொல்லும் கதை. "அக்கா ரெண்டு டம்ளர் குடிச்சாங்க. மூணாவது இல்லையான்னு கேட்டாங்க." மூன்றாவது நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு டம்ளர் கூடிக்கொண்டே போனது. எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனால் நானும் பல்லைக் காட்டுவேன். மனதுக்குள் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன்: இவன் தோற்க வேண்டும், அதுவும் இவனுடைய தராசிலேயே தோற்க வேண்டும்.

நல்லவேளை, அவனுடைய தராசுக்கு எட்டாத ஒருத்தி இருந்தாள். புள்ளிக்காரி என்ற பெட்டை. பஞ்சர் கடையின் பழைய டயர்க் குவியலுக்குள் யாருக்கும் தெரியாமல் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். கூட்டை ஒளித்து வைப்பதும் மேய்ச்சல் கோழியின் குணம்தான். நான் வந்த மூன்றாம் நாள் டயருக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பின்னால் வரிசையாகக் குஞ்சுகள். எல்லாம் வாத்தியாருடையவை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் மந்தை நலிந்துபோகும் என்பதால், வெளியிலிருந்து இதே குணமுள்ள சேவல் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தேன். மறுவருடம் மந்தை மறுபடி மந்தையாகிவிட்டது. ஆனால் டயர்களுக்கு நடுவே அதற்கு இடம் போதவில்லை.

அப்போதுதான் கொய்யாத் தோட்டத்து அம்மா கூப்பிட்டு அனுப்பினார். முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். கணவர் போன பிறகு கடையை மூடிவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறார். கொய்யாவுக்குப் பழ ஈ பெரிய தொல்லை. ஈ பழத்தின் தோலுக்குள் முட்டையிடும். பழம் புழுத்து விழும். புழு பழத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து மறுபடி ஈயாக வெளியே வரும். மருந்து அடித்தால் மேலே பறக்கிற ஈ சாகும், மண்ணுக்குள் இருப்பது சாகாது. மண்ணைக் கிளறுகிற கால் வேண்டும். அதாவது கோழி.

அவர் தராசையும் கூப்பிட்டிருந்தார். கறிக்கடைக்காரருக்குக் கோழியைப் பற்றித் தெரியாதா என்ற எண்ணம்.

"எந்த ஜாதிக் கோழி விட்டா நல்லதுன்னு ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். "அம்மா, முதல்ல காலைப் பார்க்கணும். கால் ஏன்னா..."

"அக்கா, சுருக்கமா சொல்லுங்க" என்றான் தராசு. "அம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாடு இருக்கு."

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். நான் வாயை மூடினேன். அந்த ஒரு கணத்தில், என்ன செய்ய வேண்டும் என்பது முழுசாக எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தி எதுவும் வேண்டாம். நான் விளக்காமல் இருந்தால் போதும்.

"சுருக்கமா சொல்றேன்" என்றேன். "தோட்டத்தைப் பாதியா வலை கட்டிப் பிரிச்சுக்கலாம். ஆளுக்கு நாற்பது கோழி, ஒரே வயசு. தோட்டத்துல கிடைக்கிறதுதான் தீனி. காய்ப்பு முடிஞ்சதும் எடை போடலாம். யார் மந்தை மொத்தமா கனமா இருக்கோ, அப்புறம் தோட்டம் முழுக்க அவங்க கோழி மேயட்டும்."

தராசு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, எடையா? நீங்களா? உங்க கோழி காத்தடிச்சா பறக்குமே."

"தராசு உங்க கடைத் தராசாவே இருக்கட்டும் தம்பி."

அவன் அந்த அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சாட்சி" என்றான்.

எந்தக் கோழியை விடுவது என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லெகார்ன் நன்றாக மேயும், துறுதுறுவென்று இருக்கும். ஆனால் வெள்ளை நிறம், பருந்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும். சிவப்பு ரோட் ஐலண்ட் நடுத்தரம். மேயும், முட்டையும் தரும், கொஞ்சம் சதையும் போடும். கலப்பு நாட்டுக்கோழி சிறுத்தது, ஆனால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அவன் கேட்கவில்லை. தராசில் எது வேகமாக ஏறும் என்பதை மட்டும் பார்த்து, வெள்ளைப் பிராய்லர்களைக் கொண்டுவந்து விட்டான். பிராய்லர் நடப்பதற்காக உருவாக்கிய கோழி இல்லை. தட்டின் முன் உட்கார்ந்து சதை போடுவதற்காகவே மனிதன் பல தலைமுறையாகப் பொறுக்கியது. என் வேலையைப் போலத்தான், திசை வேறு.

அவற்றுக்குத் தலைவனாகத் துரையையும் விட்டான். துரை, பிரம்மா என்ற வெளிநாட்டு ஜாதிச் சேவல். முழங்காலுக்குக் கீழே விரல் வரைக்கும் இறகு. நின்றால் சின்ன ஆட்டுக்குட்டி உயரம். தராசுக்கு அதன்மேல் உயிர். ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவான். குளிப்பாட்டி, கால் இறகை முடி உலர்த்தும் மெஷினால் காயவைப்பான். "பொண்டாட்டி தலையைக்கூட இவர் இப்படிப் பார்த்ததில்லை" என்பாள் தங்கை, தன்னையே வேறு யாரோ போலச் சொல்லி.

முதல் சில நாட்களிலேயே இரண்டு பாதிகளும் வேறு வேறாகிவிட்டன. என் பக்கம் கோழியே கண்ணில் படாது. சருகு அசைவதை வைத்துத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். விடிந்ததும் கிளையைவிட்டு இறங்கி, விழுந்த பழங்களை ஒவ்வொரு மரத்தடியாகக் கொத்திக் கிளறி, வெயில் ஏறியதும் நிழலில் மண்குளியல் போட்டு, மறுபடி மாலையில் மேயும். அவன் பக்கம் எல்லாம் ஒரே இடத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும், யாரோ துணியை உலர்த்திவிட்டு மறந்துபோனது போல.

"அக்கா, உங்க கோழி எங்கே, லீவு எடுத்துட்டுப் போயிடுச்சா?" என்று வலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"தேடினா கிடைக்கும் தம்பி" என்றேன். அவ்வளவுதான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நுனியில் இருந்த விளக்கமெல்லாம் வலிக்க வலிக்க உள்ளேயே போயிற்று.

அவனுக்கும் சந்தேகம் வந்தது. எடை ஏறவில்லை. அதனால் திருட்டுத்தனமாகத் தீவனம் போட ஆரம்பித்தான். தோட்டத்து அம்மா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அந்த நேரம் பார்த்து ரோட்டோர வேலிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, கம்பிக்கு மேலாக வாரி வாரி வீசுவான். அந்த வேலியோரத்தில் ஒரு மரம்கூட இல்லை.

நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவன் ஆட்டத்திலிருந்து வெளியே. ஆனால் பிறகு, 'அக்கா போட்டுக் கொடுத்துட்டாங்க, இல்லைன்னா ஜெயிச்சிருப்பேன்' என்று விசேஷத்துக்கு விசேஷம் புதுக் கதை சொல்வான். எனக்கு வேண்டியது அது இல்லை. அவன் கடைத் தராசே பேச வேண்டும்.

மத்தியானத் தீனி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். தின்றது செரிக்கும்போது உடம்புக்குள் இன்னும் சூடு கூடும். கனத்த கோழி, நிறைந்த வயிறு, உச்சி வெயில், நிழலில்லாத இடம்: இந்த நான்கும் சேர்ந்தால் போதும். விடிகாலையில் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. 'தம்பி, காலையில போடுங்க' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சுருக்கமாகக் கேட்டதற்கு அதைவிடச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லவே முடியாது. சொல்லவில்லை. வேலியோரம் அகலமான தொட்டியில் தண்ணீர் மட்டும் நிரப்பி வைத்தேன், மேலே ஒரு சாக்கைக் கட்டி. கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தேன். அவனுக்கு ஒரு வார்த்தை வைக்கவில்லை.

சத்தம் கேட்டால் தீனி வரும் என்று பிராய்லர்கள் கற்றுக்கொண்டன. எந்த ஸ்கூட்டர் போனாலும் நிழலைவிட்டு வெயிலுக்கு ஓடின. இருந்த கொஞ்சநஞ்ச மேய்ச்சலையும் விட்டன. சிந்திய தீவனத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் கீரி வந்தது. கிளையேறத் தெரியாத கோழி கீரிக்கு என்ன செய்யும்? வெயில் கடுமையான வாரத்தில் வேலியோரம் தினமும் ஒன்றிரண்டு விழுந்தன.

"உன் தங்கச்சி வீட்டுக்காரர் கோழி எல்லாம் இப்படிப் போகுதே" என்றார் தோட்டத்து அம்மா. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒண்ணும் சொல்லலையா?"

"அவர் கேட்கலையேம்மா."

அந்த வாரத்தில்தான் துரையைப் பார்த்தேன். பழக்கூடைகள் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால், வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துப் படுத்திருந்தது. கால் இறகெல்லாம் சேறு காய்ந்து கட்டியாகியிருந்தது. ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கனத்தைத் தூக்கியதில் என் இடுப்பு பழைய கதையையெல்லாம் சொன்னது. தராசு இரண்டு நாள் தோட்டம் முழுக்கத் தேடினான். கீரியாக இருக்கும் என்று பழம் பறிக்கிற பெண்கள் சொன்னார்கள். அவன் கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு நன்றாகவே இருந்தது.

எடை போடும் நாள் வந்தது. என் கோழிகளைப் பகலில் பிடிக்க முடியாது என்பதால், முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் பறிக்கிற பெண்கள் கிளைகளிலிருந்து பழம்போலவே பறித்துக் கூடையில் போட்டார்கள். இரண்டு மட்டும் கிடைக்கவில்லை. தராசின் கோழிகளை மறுநாள் காலையில் அவனே குனிந்து எடுத்தான். அவை ஓடவில்லை, கையைத்தான் பார்த்தன. மிச்சம் பத்துக்கும் குறைவு.

கொட்டகை விட்டத்தில் அவனுடைய கடைத் தராசு தொங்கியது. தன் கோழிகளை முதலில் தொங்கவிட்டான். முள் கொஞ்சம் இறங்கி நின்றது. பிறகு என் கூடைகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொரு கூடைக்கும் தோட்டத்து அம்மா சத்தமாக எடையைப் படித்தார். இரண்டாம் கூடையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லாக் கூடையையும் ஏற்றச் சொன்னேன். ஏன் அவசரப்பட வேண்டும்?

பறிக்கிற பெண்களில் ஒருத்தி, "அண்ணே, தராசு சரியா இருக்கா பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது.

"எப்படி அக்கா?" என்றான் என்னிடம். முதன்முறையாக ஒரு கேள்வி. "எங்கே தப்பாச்சு? சொல்லுங்களேன்."

"முதல்ல சூப் குடிங்க தம்பி. காலையிலிருந்து வெறும் வயிறு."

தங்கை வீட்டு எவர்சில்வர் பிளாஸ்கைத்தான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மிளகு தூக்கலாகப் போட்டிருந்தேன். அவன் ஒரு டம்ளர் குடித்தான். பசி, இன்னொரு டம்ளரும் குடித்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு அக்கா" என்றான்.

காத்திருந்தேன். அவன் மந்தையின் பக்கம் பார்த்தான். "எல்லாம் போகட்டும். துரையாவது இருந்திருக்கலாம். எங்கே போச்சுன்னே தெரியல."

"அதை நீங்கதானே குடிச்சீங்க? நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனான். அங்கிருந்து வந்த சத்தத்தை நான் கடைசி வரைக்கும் கேட்டேன். பிறகு பிளாஸ்கைக் கழுவித் தங்கையிடம் கொடுத்தேன்.

தோட்டம் இப்போது என் மந்தைக்கு. புள்ளிக்காரி மரத்தடியில் எங்கோ மறுபடி ஒளிந்து அடைகாக்கிறாள், நான் தேடவில்லை. விசேஷ வீடுகளில் இப்போதெல்லாம் சூப் கதையை யாரும் சொல்வதில்லை. தராசு என் வீட்டுக்கு வருவதில்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பின் அறையிலிருந்து ஒரு கூவல். தடித்த, சோம்பலான கூவல். அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். சாக்கின் மேல் துரை உட்கார்ந்திருந்தது. தட்டு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்குக்கூட எழாமல் என் கையைத்தான் பார்த்தது. வாழ்நாளெல்லாம் மேய்ச்சலைப் பற்றிப் பேசிவிட்டு, இந்தத் தடியனுக்கு நான் வேளாவேளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்குத் தீவன மூட்டை வாங்கும்போதெல்லாம் கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

"அப்போ அன்னைக்கு அவர் குடிச்சது?"

"கடைக்கோழி."

தங்கை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "பாவம் அக்கா அவர். தூக்கத்துலகூட அது பேரைச் சொல்றார். எப்போதான் சொல்லப்போறே?"

துரைக்கு ஒரு பிடி தீனியை அள்ளிப் போட்டேன்.

"வாத்தியார் திரும்பி வரட்டும்" என்றேன். "அன்னைக்கே சொல்லிடலாம்."